நான்காவது பொத்தான்

பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவரை நூறு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. முப்பத்தோரு வருடமாக ஒரே முக்காலியில் உட்கார்ந்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களை வகை பிரித்து எண்ணுவது அவர் வேலை. இயந்திரம் குழம்பும் ரத்தமெல்லாம் அவரிடம்தான் வரும். ஒரு ஸ்லைடுக்கு நூறு அணு. நூறு ஆனதும் பக்கத்தில் இருக்கும் எண்ணும் பெட்டி மணியடிக்கும், அவர் எழுந்துவிடுவார். நூற்றியோராவது அணு தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அந்தப் பெட்டியில் ஐந்து பொத்தான்கள். முதலாவது நியூட்ரோஃபிலுக்கு. கிருமி வந்தால் முதலில் ஓடிவரும் ஆட்கள் இவர்கள்தான், எண்ணிக்கையிலும் இவர்களே அதிகம். இரண்டாவதும் மூன்றாவதும் வேறு இரண்டு வகைகளுக்கு. நான்காவது ஈசினோஃபிலுக்கு. உடம்பு நிறைய சிவப்புக் குருணையைச் சுமந்துகொண்டு திரியும் அணு அது. நூறில் ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நாலைந்து இருக்கும். ஐந்தாவது பொத்தானுக்குப் பெரும்பாலும் வேலையே இல்லை. நான்காவதின் ஸ்பிரிங் எந்தக் காலத்திலோ போய்விட்டது. மற்றவையெல்லாம் 'டிக்' என்றால் அது மட்டும் 'டொக்' என்று தொண்டை கட்டிய சத்தம் போடும். மாற்றித் தருகிறோம் என்று சொன்னவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், பொத்தான் மாறவில்லை.

நூறு ஒரு பயந்தாங்கொள்ளி. இதை அவரே சொல்லுவார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யாரோ ஒருவர் கையில் ஊசி ஏறுவதைப் பார்த்துக் கண் இருட்டி விழுந்தவர் அவர். ஊசி குத்திய இடத்தில் வைக்க வேண்டிய ஸ்பிரிட் பஞ்சை இவர் மூக்கில் காட்டி எழுப்பினார்கள். நாய் என்றால் பயம், லிஃப்ட் என்றால் பயம், கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவர்கள் என்றால் பயம். கூடம் அடித்தளத்தில் இருந்தது, வார்டுகள் மேலே ஐந்தாவது மாடி வரைக்கும். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் லிஃப்டில் ஏறியதில்லை. பயப்படாத ஒரே இடம் அந்த லென்சுக்கு அடியில்தான். அங்கே எதைப் பார்த்தாலும் அது என்ன, எதற்கு வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று நினைத்திருந்தார்.

அவர் மனைவியோ பயம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கும் ரகம். நகரப் பேருந்தில் பத்தொன்பது வருடக் கண்டக்டர். மூச்சுவிட இடமில்லாத கூட்டத்திலும் அவள் குரல் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் ஒரே மாதிரி கேட்கும். அவள் விசில் ஊதினால் அடுத்த பஸ்ஸும் சேர்ந்து கிளம்பிவிடும் என்று அவளுடைய டிரைவர் கேலி செய்வார். வேலையில் அவளுக்கு இருந்த ஒரே தொல்லை, நினைத்த நேரத்தில் பாத்ரூம் போக முடியாது. அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்க மாட்டாள். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சிறுநீர் எரிச்சலும் கிருமியும் வரும். இந்தத் தடவை தெருமுனை டாக்டர் ஒரு புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். மஞ்சள் நிறக் கேப்சூல் மாத்திரை, காலை எட்டு, இரவு எட்டு, ஏழு நாள்.

ஆறாம் நாள் அவளுக்குக் காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தன. விசில் ஊதப் போனால் காற்று பாதியில் நின்றுவிடுகிறது என்றாள். நூறு பயந்துபோய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து ரத்தம் எடுக்கச் சொன்னார். கூடத்தில் ஒரு விதி உண்டு. தலைமை டாக்டரம்மா தன் கையால் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்: சொந்தக்காரருடைய ஸ்லைடை யாரும் தானே பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்ணில் படுவதை விட்டுவிட்டு மனது வேண்டுவதைத்தான் பார்ப்போம் என்பார். சாதாரணக் காய்ச்சலுக்கு என்ன விதி என்று நூறு அன்று தானே பார்த்தார். நான்காவது பொத்தான் பதினாலு தடவை சத்தம் போட்டது.

அவருக்கு மனது லேசாகிவிட்டது. ஈசினோஃபில் ஏறினால் புழு, இல்லாவிட்டால் தும்மல், அரிப்பு. கூடத்தில் முப்பது வருடமாக எல்லோரும் அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

"என்ன நூறு சார், எத்தனை தேறுச்சு?" என்றாள் வெளியே பெஞ்சில் இருந்த மனைவி.

"ஈசினோ பதினாலு. ஒண்ணும் பயப்பட வேண்டாம், வயித்துல புழு."

"புழுவா? டிக்கெட் எடுக்காம ஏறி உக்காந்துடுச்சா?" என்று இருமலுக்கு நடுவில் சிரித்தாள்.

புழு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். மறுநாளோடு மஞ்சள் மாத்திரையும் முடிந்தது. மூன்றே நாளில் காய்ச்சல் போயிற்று, விசில் பழையபடி ஊதியது. நூறு கூடத்தில் எல்லோரிடமும் இதைச் சொல்லி இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

மூன்று வாரம் கழித்துச் சிறுநீர் எரிச்சல் திரும்ப வந்தது. தெருமுனை டாக்டர் அதே மாத்திரையைப் பத்து நாளுக்கு எழுதினார். இரண்டாம் நாளே காய்ச்சல். மூன்றாம் நாள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு படி ஏற முடியவில்லை என்று சொல்லவே அவளுக்கு மூச்சு போதவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே ஐந்தாவது மாடியில் சேர்த்தார். படம் எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்க நுரையீரலும் வெள்ளையாகப் புகைபடிந்த மாதிரி இருந்தது. நிமோனியா என்று முகமூடி வழியாக ஆக்சிஜன் வைத்து, நரம்பில் மருந்து ஏற்றினார்கள்.

நுரையீரல் டாக்டர் இளம் வயதுக்காரர். ரத்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "ஈசினோஃபில் பதினெட்டு இருக்கே?" என்று நெற்றியைச் சுருக்கினார்.

"அது புழு சார். போன மாசமே நான் பாத்தேன், மாத்திரையும் குடுத்தாச்சு. இறங்கக் கொஞ்ச நாள் ஆகும்," என்றார் நூறு.

முப்பத்தோரு வருடம் எண்ணிய மனிதர் சொல்கிறார். டாக்டரும் தலையாட்டினார்.

வீட்டில் இருந்து கொண்டுவந்த மாத்திரை ஏதாவது உண்டா என்று நர்ஸ் கேட்டபோது, பிரஷர் மாத்திரை ஒன்று என்று எடுத்துக் காட்டினார். மஞ்சள் மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொன்னால், இங்கேதான் நரம்பிலேயே மருந்து ஏறுகிறதே, அது எதற்கு என்று நிறுத்திவிடுவார்களோ என்று பயம். கூடத்தின் பக்கத்து அறையில் கிருமிகளைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பார்கள். மாத்திரையைப் பாதியில் நிறுத்தினவர்களுடைய கிருமிகள் எந்த மருந்துக்கும் அசையாமல் தட்டு முழுக்கப் பரவி நிற்பதைத் தினமும் பார்த்தவர் அவர். கோர்ஸை முடிக்காமல் விடுவதைவிடப் பெரிய குற்றம் அவருக்குத் தெரிந்து உலகத்தில் கிடையாது. எனவே காலை எட்டு, இரவு எட்டு, ஒரு வேளை தவறாமல் மனைவியின் முகமூடியைத் தூக்கி, மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரை ஊட்டி, முகமூடியை மறுபடி பொருத்தினார். அந்த நாலு விநாடிக்குள் அவள் கண் மேலே செருகுவதைப் பார்க்க அவருக்கே உயிர் போய் உயிர் வந்தது. ஆனாலும் விடவில்லை.

எண்ணிப் பழகிய கை சும்மா இருக்குமா? காய்ச்சல் ஏறும் நேரத்தையெல்லாம் ஒரு சின்ன நோட்டில் குறித்துவந்தார். காலை பத்து, இரவு பத்து. காலை பத்தேகால், இரவு பத்து. கடிகாரம் வைத்த மாதிரி வந்தது. ஏன் என்று அவருக்குத் தோன்றவில்லை. மூன்று நாளில் ஆக்சிஜன் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அடுத்தது தொண்டைக்குள் குழாய் போட்டு மெஷினில் வைப்பதுதான் என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார். நூறுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. மெஷினுக்குப் போனவர்களுடைய ரத்தம் தினமும் கூடத்துக்கு வரும், பிறகு ஒரு நாள் வராமல் நிற்கும். வராமல் நின்ற பெயர்கள் அவருக்கு நிறையத் தெரியும்.

நான்காம் நாள் காலை, மெஷினுக்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று டாக்டர் முடிவு செய்தார். மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டு, உப்புத் தண்ணீரைச் செலுத்தி, உறிஞ்சி எடுத்து, அதில் என்ன அணுக்கள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். அதற்காகக் காலையில் இருந்து வாயில் பச்சைத்தண்ணீர்கூடப் படக் கூடாது என்றார்கள். எட்டு மணி மாத்திரை விட்டுப்போயிற்று. நூறுக்கு அது ஒரு தனி வேதனை. மாத்திரைப் பட்டையை மகளிடம் கொடுத்தார். செருப்புக் கடையில் வேலை செய்யும் மகள் நாலு நாளாக லீவு போட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே இருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா.

"பாப்பா, தொண்டை மரத்திருக்கும். பன்னிரண்டரைக்கு மேல முழுங்க முடியும்னாங்க. முடிஞ்ச உடனே இதைக் குடுத்துடு. ஒரு வேளை போச்சுன்னா எல்லாம் வீண்."

"சரிப்பா. நீங்க கீழ போங்க. இங்க நின்னு நடுங்கிட்டு இருந்தா அம்மா பயந்துக்குவா."

பதினொன்றேகாலுக்குக் குப்பி கூடத்துக்கு வந்தது. கலங்கிய தண்ணீர், மேலே நுரை, பக்கத்தில் மனைவியின் பெயர். நூறு அதைக் கையில் எடுத்தார். இந்தத் தண்ணீரை இயந்திரத்தில் போட முடியாது. கண்ணால்தான் எண்ண வேண்டும்.

"அண்ணா, கையை எடுங்க," என்றாள் அடுத்த முக்காலிக்காரி. தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். பத்து வருடத்துக்கு முன் அவளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான்.

"நீ இதுவரைக்கும் எத்தனை நுரையீரல் தண்ணி பாத்திருப்ப?"

"உங்க அளவுக்கு இல்ல. ஆனா இது உங்க சம்சாரத்தோடது. சுவத்துல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க."

கொடுத்துவிட்டார். அவள் குப்பியைச் சுழற்றி, அடியில் தங்கியதை ஸ்லைடில் இட்டு, காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவினாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது. காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்று விதியில் இல்லை.

அவள் எண்ணத் தொடங்கினாள். டிக். டிக். டிக். நூறு மூச்சை விட்டார். கிருமிதான். கிருமியென்றால் மருந்து உண்டு, பிழைக்க வழி உண்டு. டிக், டிக். டொக்.

ஒன்று இருக்கலாம்.

டொக். டிக். டொக். டொக்.

அவர் விரலை மடக்கத் தொடங்கினார். ஒரு கை மடங்கியது. இரண்டு கை மடங்கியது. டொக், டொக், டிக், டொக். நல்ல நுரையீரலில் இந்த அணு நூறில் ஒன்றுகூட இருக்காது. இங்கே கூட்டமாக நிற்கிறது. அந்தக் குருணையில் இருப்பது என்ன என்று அவருக்குத் தெரியும். அது சுடுகிற சரக்கு. புழுவின் தோலைப் பொசுக்க உடம்பு சேர்த்து வைத்திருப்பது. புழு இல்லாத இடத்தில் அதைக் கொட்டினால் பொசுங்குவது மூச்சுப்பையின் தோல்தான். பூச்சிக்கு மருந்தடிக்க வந்தவர்கள் பூச்சியைக் காணாமல் வீட்டு ஆட்கள்மேல் அடித்த மாதிரி. அவர்களை யார் கூப்பிட்டது?

மணியடித்தது.

"நாப்பத்தி மூணு," என்றார் நூறு, சுவரைப் பார்த்தபடியே.

பூதக்கண்ணாடி பேனாவோடு நிமிர்ந்தாள். அதே எண்ணைத்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

அவர் நோட்டை எடுத்தார். பக்கங்களைப் புரட்டினார். காலை பத்து, இரவு பத்து. மாத்திரை எட்டு மணிக்கு, காய்ச்சல் பத்து மணிக்கு. இன்று காலை பத்து மணிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. காய்ச்சல் வரவில்லை. இன்று என்ன வித்தியாசம்? இன்று காலை அவர் மாத்திரை கொடுக்கவில்லை.

எல்லாம் தலைகீழாகப் புரண்டது. போன மாதம் புழு மாத்திரை அவளைக் குணமாக்கவில்லை. மஞ்சள் மாத்திரை முடிந்துபோனதுதான் குணமாக்கியது. அந்தப் பதினாலும் புழுவுக்காக வரவில்லை. அந்த மாத்திரையை உடம்பு எதிரி என்று எடுத்துக்கொண்டு அனுப்பிய ஆட்கள் அவர்கள். அவர்தான் புழு என்று தீர்ப்புச் சொன்னார். டாக்டர் கேட்டபோதும் வாயை அடைத்தார். பிறகு தன் கையாலேயே ஒரு வேளை விடாமல் ஊட்டினார்.

மணி பன்னிரண்டு நாற்பது.

மகளுக்குப் போன் போட்டார். வார்டில் அணைத்துவைக்கச் சொல்லியிருந்தார்கள். படியில் ஓடினால் ஐந்து மாடி. எதிரே லிஃப்டின் கதவு திறந்து கிடந்தது. நூறு உள்ளே பாய்ந்தார். கதவு மூடியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு 'ஐயோ ஐயோ' என்று வாய்விட்டே சொன்னார். கூட இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

வார்டில் மகள் அம்மாவின் முகமூடியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர். மாத்திரை கையில் இல்லை.

"குடுக்காதே!" என்று கத்தினார். அந்த மனிதர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. கட்டிலுக்கு ஓடி, மனைவியின் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார். "துப்பு. தண்ணி குடிக்காதே. துப்பு!"

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கண் மட்டும் பெரிதானது. துப்பினாள். நனைந்த மஞ்சள் மாத்திரை அவர் கையில் விழுந்தது.

அதைக் கையில் மூடிக்கொண்டே போய் நுரையீரல் டாக்டரிடம் காட்டினார். எத்தனை நாள், எத்தனை வேளை, நோட்டில் உள்ள நேரம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். டாக்டரின் முகம் சிவந்தது.

"இதை இங்க வந்தப்புறமும் குடுத்தீங்களா? எங்ககிட்ட சொல்லாமலா?"

"ஆமா சார்."

"புழுன்னு வேற சொன்னீங்க. உங்க வார்த்தையை நம்பி நானும் விட்டுட்டேன். என் தப்பு." பிறகு நாற்பத்து மூன்று என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு வேளை போயிருந்தா..." என்று பாதியில் நிறுத்தினார்.

அன்று மதியமே அந்த அணுக்களை அடக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். நூறு வார்டு வாசலில் நின்றார். உள்ளே போகவில்லை. எவ்வளவு ஆக்சிஜன் ஏறுகிறது என்று காட்டும் மீட்டரின் எண்ணை நர்ஸிடம் மணிக்கு நாலு தடவை கேட்டார். ஏறினாலும் பயந்தார், இறங்கினாலும் பயந்தார். சாயங்காலம் அது முதல் தடவையாகக் குறைந்தது. மறுநாள் பாதியானது. மெஷின் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அவள் ரத்தம் கூடத்துக்கு வந்தது. பூதக்கண்ணாடி எண்ணினாள். நூறு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டொக் என்ற சத்தமே வராமல் மணியடித்தது. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ரிப்போர்ட் எழுதிட்டேன், அனுப்பியாச்சு. இனிமே இது வெறும் கண்ணாடித்துண்டு. நான் டீ குடிச்சிட்டு வரேன் அண்ணா," என்று ஸ்லைடை எடுக்காமலே எழுந்து போனாள்.

நூறு அவள் முக்காலியில் உட்கார்ந்தார். எண்ணினார். நூறு அணு, மணியடித்தது. எழுந்திருக்கவில்லை. பெட்டியைப் பூஜ்யத்துக்குத் திருப்பி மறுபடி எண்ணினார். மணி. மறுபடி. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதருக்கு நூறு போதவில்லை. முந்நூறு அணுவையும் பார்த்து முடித்த பிறகுதான் நான்காவது பொத்தானில் இருந்து விரலை எடுத்தார். அந்த விரல் அதை ஒரு தடவைகூட அழுத்தவில்லை.

மாடிக்குப் போனார், படியில்தான். ஒவ்வொரு மாடியிலும் நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

முகமூடி போய் மூக்கில் மெல்லிய குழாய் மட்டும் இருந்தது. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் உதட்டோரம் சிரித்தாள்.

"என்ன நூறு சார்," என்றாள் காற்றுக் குரலில். "புழு எறங்கிடுச்சா?"

தயார் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சொன்னார். புழு இல்லை. மாத்திரைதான். ஸ்லைடை விதியை மீறித் தானே பார்த்தது, புழு என்று சொன்னது, நர்ஸிடம் சொல்லாமல் பையில் வைத்திருந்தது, வேளை தவறாமல் கொடுத்தது.

"நான்தான்மா குடுத்தேன். ஒவ்வொண்ணும் என் கையால."

அவள் சிரிப்பு போய்விட்டது. அவர் கையையே பார்த்தாள். பத்தொன்பது வருடம் எந்தக் கூட்டத்துக்கும் அஞ்சாத அந்த முகத்தில் பயத்தை அவர் அன்றுதான் பார்த்தார். முகமூடியைத் தூக்கிய கை, மூச்சு நின்ற அந்த நாலு விநாடி, எல்லாம் அவளுக்கு நினைவு வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது.

"வேணும்னு செய்யல. அது எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா இனிமே மாத்திரை உங்க கையால வேண்டாங்க. பாப்பா குடுக்கட்டும்."

"சரிம்மா," என்றார் நூறு. கூடத்துச் சுவரில் இருந்த விதியும் அதைத்தானே சொன்னது.

பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் மாத்திரையை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துவிட்டுப் போனாள். மகள் அதை எடுத்தாள். பெயரை வாய்விட்டுப் படித்தாள், சீட்டோடு ஒப்பிட்டாள், அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். நூறு கட்டிலின் அந்தப் பக்கம் நின்று தண்ணீர் டம்ளரை மட்டும் நீட்டினார். மனைவி அதைக் கையில் வாங்கினாள். வாயில் வைப்பதற்கு முன்னால், டம்ளருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.